நாலு பேர் பேச, கேட்க ஒரே ஓர் ஆர்எக்ஸ்

மேசை மேல் நான்கு சீரியல் கருவிகள், அதாவது ஒரு கம்பியில் பிட் பிட்டாகப் பேசுபவை. ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், காற்றில் தூசு அளக்கும் பிஎம்எஸ்5003, கார்பன் டை ஆக்சைடு அளக்கும் எம்எச்-இசட்19பி, 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளைப் படிக்கும் ஆர்டிஎம்6300. நான்கும் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் பேசுபவை. எதிரே உட்கார்ந்திருப்பது அட்மெகா328பி. அர்டுயினோ ஊனோவில் இருக்கும் அதே சிப். அதில் ஹார்டுவேர் யுஆர்ட், அதாவது சீரியல் பேச்சைக் கையாளும் பகுதி (அனுப்ப டிஎக்ஸ் பின், கேட்க ஆர்எக்ஸ் பின்), ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஊனோ போர்டில் கணினியோடு பேசுவதற்காக ஏற்கெனவே பாதி அடகு போயிருக்கிறது.

இந்த நிலைமையில் யாரிடம் யோசனை கேட்டாலும் "ஒரு மக்ஸ் போட்டுடு" என்பார்கள். மக்ஸ் என்றால் பல கம்பிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து இணைக்கும் ஸ்விட்ச் ஐசி. பதிலில் தப்பில்லை. ஆனால் எந்த மக்ஸ், எந்த பின் என்று இறங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி பிரித்து எழுதிக்கொள்வது என் வழக்கம். நாம் கேட்டால் மட்டும் பேசும் கருவிகள் ஒரு பக்கம், தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும் கருவிகள் இன்னொரு பக்கம். பின் போதவில்லை என்று நினைத்துத்தான் எல்லோரும் இந்த வேலையில் இறங்குகிறோம். இறங்கிய பிறகு போதாமல் போவது, காது கொடுத்துக் கேட்கும் நேரம். ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மற்ற மூன்றும் பேசியது போனது போனதுதான். எந்த மக்ஸும் அதைச் சேர்த்து வைத்துப் பிறகு தராது.

அந்தத் தாளில் என் நான்கு கருவிகளும் இப்படி விழுந்தன. எம்எச்-இசட்19பி நல்ல பிள்ளை. பதினறும எண்ணில் எஃப்எஃப் 01 86 என்று தொடங்கி 79 என்று முடியும் ஒன்பது பைட் கட்டளையை அனுப்பினால், ஒன்பது பைட் பதில் வரும்; கேட்காவிட்டால் வாயே திறக்காது. பிஎம்எஸ்5003 பெட்டியிலிருந்து வரும்போது ஓயாமல் பேசும் வகை, ஆனால் திருத்த முடியும். 42 4டி இ1 00 00 01 70 என்ற ஏழு பைட்டை அனுப்பினால் பேச்சை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு 42 4டி இ2 00 00 01 71 என்று கேட்கும்போது மட்டும் 32 பைட் பதில் தரும். ஜிபிஎஸ் ஒவ்வொரு விநாடியும் கொட்டித் தீர்க்கும். நிறுத்துவது சிரமம், ஆனால் அடுத்த விநாடி மறுபடி சொல்லும் என்பதால் ஒன்றைத் தவறவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆர்டிஎம்6300 தான் மோசமான கேஸ். யாராவது அட்டையைக் காட்டும்போது 14 பைட் அனுப்பும். எப்போது என்று அதற்கே தெரியாது. அதற்கு ஆர்எக்ஸ் பின்னே வேலையில் இல்லை. கேட்டு வாங்க வழியே கிடையாது.

இந்தப் பிரிவினை முடிந்துவிட்டால் சர்க்யூட்டில் பாதி முடிந்த மாதிரி.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் குறுக்கு வழியைப் பார்த்துவிடலாம்: நான்கு டிஎக்ஸ் கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக்கி ஆர்எக்ஸில் செருகுவது. சீரியல் லைன் பேச்சில்லாதபோது ஹையில் (மேல் வோல்டேஜில்; லோ என்றால் பூஜ்யத்துக்கு அருகே) நிற்கும். சும்மா நிற்கிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம் இல்லை. அந்த டிஎக்ஸ் பின், லைனை 3.3 வோல்ட்டை நோக்கித் தம் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு கருவி, பைட்டின் தொடக்கத்தைக் காட்டும் ஸ்டார்ட் பிட்டுக்காகத் தன் டிஎக்ஸை லோவுக்கு இழுக்கும்போது இரண்டு டிரான்சிஸ்டர்கள் எதிரெதிராக மல்லுக்கட்டும். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் லோ என்பது தரையைத் தொடாமல் நடுவில் எங்கோ தொங்கும். சிப் உடனே சாகாது. அதனால்தான் சிலர் "எனக்கு வேலை செய்யுதே" என்கிறார்கள்.

ஒவ்வொரு டிஎக்ஸிலும் 1 கிலோ ஓம் போட்டால் சண்டை அடங்கும், ஆனால் கணக்கு உதைக்கும். இரண்டு கருவிகளில் ஒன்று ஹை, ஒன்று லோ என்றால் நடுப்புள்ளி 1.65 வோல்ட். மூன்று கருவிகளில் இரண்டு சும்மா இருக்க ஒன்று லோவுக்கு இழுத்தால் 2.2 வோல்ட். 3.3 வோல்ட்டில் ஓடும் சாதாரண சிமாஸ் உள்ளீடு லோ என்று உறுதியாக ஒப்புக்கொள்வது கிட்டத்தட்ட 1 வோல்ட்டுக்குக் கீழேதான். இன்னும் ஒரு கருவியைச் சேர்க்கச் சேர்க்க நிலைமை மோசமாகும்.

ஆனால் சும்மா இருப்பது ஹை என்பதில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. யாராவது ஒருவர் லோ என்றால் மொத்த லைனும் லோ என்று ஆக வேண்டும். எல்லோரும் ஹை என்றால் ஹை. இது அச்சு அசல் ஆண்ட் கேட். நான்கு டிஎக்ஸையும் 74எச்சி21-இன் ஒரு பாதியில் கொடுத்தால் வெளியே வருவது, பேசுகிறவரின் குரல் அப்படியே. ஐசியும் வேண்டாம் என்றால் டயோடு போதும். ஒவ்வொரு டயோடின் கேத்தோடும் ஒரு கருவியின் டிஎக்ஸைப் பார்க்கட்டும், ஆனோடுகள் எல்லாம் சேர்ந்து ஆர்எக்ஸுக்குப் போகட்டும், அந்த இடத்திலிருந்து சப்ளைக்கு 10 கிலோ ஓம் புல்-அப் (லைனை ஹைக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்). ஷாட்கி டயோடாக இருந்தால் லோ நிலை 0.3 வோல்ட் அளவில் நிற்கும். சாதாரண 1என்4148 போட்டால் 0.6 வோல்ட் அளவு. பெரும்பாலும் ஓடும், ஆனால் ஓரத்தில் நின்று ஓடும்.

இந்த டயோடு முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 5 வோல்ட் கருவியின் ஹை, 3.3 வோல்ட் ஆர்எக்ஸுக்குள் நுழையவே முடியாது, டயோடு மறித்துவிடும். லெவல் மாற்றம் இலவசம். பிடிக்காத விஷயமும் உண்டு. ஏதாவது ஒரு கருவிக்குப் பவரை அணைத்துவிட்டால், அதன் டிஎக்ஸ் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாகப் புல்-அப் கரன்ட் உள்ளே ஓடி, மொத்த லைனும் 1 வோல்ட் சொச்சத்தில் படுத்துவிடும். அணைத்துக் கிடக்கும் ஒருவர் மற்ற எல்லோருடைய வாயையும் அடைத்துவிடுவார். பேட்டரியில் ஓடும் பெட்டியில் சென்சாரை அணைத்து அணைத்துப் போடுவதாக இருந்தால் டயோடு முறையை மறந்துவிடுங்கள்.

புல்-அப் விஷயத்தில் வேகமும் பார்க்க வேண்டும். லைனின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிக்கோஃபாரட், புல்-அப் 10 கிலோ ஓம் என்றால் நேர மாறிலி 1 மைக்ரோ செகண்ட். 9600 பாட்டில் ஒரு பிட் 104 மைக்ரோ செகண்ட் நீளம், கவலையே இல்லை. 115200-இல் பிட் 8.7 மைக்ரோ செகண்ட் மட்டுமே. அங்கே மூலை மழுங்க ஆரம்பிக்கும், 2.2 கிலோ ஓமுக்கு இறங்கிவிடுவது நல்லது.

ஆண்ட் கேட்டோ டயோடோ, இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் பிட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குப்பையாகும். கேட்டால் மட்டும் பேசும் கருவிகளாகவே இருந்தால் ஸ்விட்ச்சே தேவையில்லை. ஒரு ஆண்ட் கேட் போதும், யாரைக் கேட்டோமோ அவர் பதில் வரும். இதைப் பலரும் கவனிப்பதில்லை, நேரே மக்ஸுக்குப் போய்விடுகிறார்கள்.

என் நால்வரில் ஜிபிஎஸ் அடங்காதவர் என்பதால் மக்ஸ் வந்துதான் ஆக வேண்டும். நான் எடுத்துக்கொள்வது 74எச்சி4052. ஒரே ஐசிக்குள் நான்கு வழி ஸ்விட்ச் இரண்டு இருக்கும். இரண்டும் ஒரே தேர்வு பின்களுக்குக் கட்டுப்பட்டவை. ஒரு பாதியில் நான்கு டிஎக்ஸ், மறுபாதியில் நான்கு ஆர்எக்ஸ். இரண்டு தேர்வு பின்களுக்கு 00, 01, 10, 11 என்று கொடுத்தால் போவதும் வருவதும் சேர்ந்தே மாறும். உள்ளே இருப்பது அனலாக் ஸ்விட்ச் என்பதால் எந்தப் பக்கம் உள்ளீடு, எந்தப் பக்கம் வெளியீடு என்ற கவலை இல்லை. எட்டுக் கருவிகள் என்றால் 4051 இரண்டு, பதினாறு என்றால் 4067. கேட்க மட்டும் போதும், அனுப்ப வேண்டாம் என்றால் டிஜிட்டல் மக்ஸான 74எச்சி151 இன்னும் எளிது.

நம் டிஎக்ஸை எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கம்பியில் கொடுத்துவிட்டு, வருவதை மட்டும் ஸ்விட்ச் செய்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு வெளியீடு பல உள்ளீடுகளை ஓட்டுவதில் மின்சார ரீதியாகப் பிரச்சினை இல்லை. ஆனால் தூசு சென்சாருக்குப் போகும் கட்டளை ஜிபிஎஸ் காதிலும் விழும். பெரும்பாலும் புரியாமல் விட்டுவிடும். "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி ஒரு பெட்டியை மூடி திருகு போட எனக்கு மனசு வராது. 4052-இல் அடுத்த பாதி சும்மாதானே கிடக்கிறது.

அந்த ஐசியில் கவனிக்க வேண்டிய பின்கள் மூன்று. எனேபிள் பின் லோவில் இருந்தால்தான் வழி திறக்கும். விஇஇ என்ற பின் நெகட்டிவ் சிக்னல்களுக்காக வைத்தது. நமக்கு அது கிரவுண்டுக்குப் போக வேண்டும். அந்தரத்தில் விட்டால் காரணமே புரியாத சேட்டைகள் நடக்கும். மூன்றாவது, மக்ஸிலிருந்து யுஆர்ட்டுக்குப் போகும் பொதுப் பின். அதில் 10 கிலோ ஓம் புல்-அப் கட்டாயம். எல்லா வழியும் மூடியிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் ஆர்எக்ஸ் அந்தரத்தில் தொங்கக் கூடாது; தொங்கினால் பக்கத்துக் கம்பியின் சத்தத்தையெல்லாம் ஸ்டார்ட் பிட் என்று எடுத்துக்கொள்ளும். இதே காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படாத கருவிகளின் ஆர்எக்ஸ் பக்கமும் தலைக்கொரு புல்-அப் வேண்டும்.

வோல்டேஜ் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. மக்ஸுக்கு 5 வோல்ட் கொடுத்து, தேர்வு பின்களை 3.3 வோல்ட் கன்ட்ரோலரிலிருந்து ஓட்டினால், எச்சி வகை ஐசி ஹை என்று ஒப்புக்கொள்ள 3.5 வோல்ட் வேண்டும் என்கிறது. மேசையில் ஓடும், டேட்டாஷீட்படி ஓட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எச்சிடி வகைக்கு 2 வோல்ட் போதும், அந்த ஒரு எழுத்து அங்கே முக்கியம். திருப்பிப் போட்டு மக்ஸுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால், 5 வோல்ட் டிஎக்ஸ் எதையும் அதற்குள் விடக் கூடாது. சப்ளையை மீறும் சிக்னல் உள்ளே பாதுகாப்பு டயோடுகள் வழியாக ஒழுகும். நல்லவேளையாக பிஎம்எஸ்5003-உம் எம்எச்-இசட்19பி-யும் 5 வோல்ட் சப்ளையில் ஓடினாலும் சீரியல் பின்களில் 3.3 வோல்ட்தான் பேசுகின்றன.

இதுவரை சொன்னது சால்டரிங் சம்பந்தப்பட்டது. ஸ்விட்ச்சைத் திருப்பும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஜிபிஎஸ் "$ஜிபிஆர்எம்சி" என்று தொடங்கும் வாக்கியத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நாம் வேறு கருவியிலிருந்து ஜிபிஎஸ் பக்கம் திரும்புகிறோம். திரும்பிய நேரத்தில் $ குறியின் பாதி போயாகிவிட்டது. $ என்பது பதினறும எண்ணில் 24. சீரியலில் வலக்கோடி பிட் (மதிப்பு மிகக் குறைந்தது) முதலில் போகும் என்பதால் லைனில் வருவது: ஸ்டார்ட்டுக்கு 0, பிறகு 0 0 1 0 0 1 0 0, ஸ்டாப்புக்கு 1. நாம் உள்ளே நுழைவது மூன்றாவது டேட்டா பிட்டான அந்த முதல் 1-இன் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் ஹையில் இருக்கிறது. யுஆர்ட் "யாரும் பேசவில்லை" என்று நினைக்கிறது. அடுத்த பிட் 0. லைன் கீழே விழுகிறது. யுஆர்ட்டுக்கு அதுதான் ஸ்டார்ட் பிட்.

அங்கிருந்து எட்டு பிட் எண்ணுகிறது. $-இன் மிச்சம் 0 1 0 0, அதன் ஸ்டாப் பிட் 1, அடுத்து வரும் ஜி எழுத்தின் ஸ்டார்ட் பிட் 0, ஜி-யின் முதல் இரண்டு பிட் 1 1. கூட்டிப் பார்த்தால் டி2, அதாவது 210. ஒன்பதாவதாக ஸ்டாப் பிட் இருக்க வேண்டிய இடத்தில் ஜி-யின் மூன்றாவது பிட் நிற்கிறது. ஜி என்பது 47. அதன் முதல் மூன்று பிட்டும் 1. ஆக ஸ்டாப் பிட்டும் சரி! அனுப்பாத ஒரு பைட், எந்த ஃபிரேமிங் எரரும் (ஸ்டாப் பிட் இடத்தில் 1 இல்லை என்ற புகார்) இல்லாமல், முத்திரை குத்திய மாதிரி நம் பஃபருக்குள் வந்து உட்காருகிறது. அடுத்தது இதே கணக்கில் 14 என்று படிக்கப்படும். அதன் ஸ்டாப் இடத்தில் பி எழுத்தின் ஒரு 0 வந்து மாட்டுவதால் அப்போதுதான் யுஆர்ட் எரர் கொடி தூக்கும்.

ஃபிரேமிங் எரர் கொடியைப் பார்த்து குப்பையைக் கழித்துவிடலாம் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த டி2-வைத்தான் காட்டுவேன். கொடி தூக்காத பொய்யும் வரும்.

இதற்கு மருந்து இரண்டு இடத்தில் இருக்கிறது. கீழ் மட்டத்தில், மக்ஸைத் திருப்பும்போது யுஆர்ட்டின் ரிசீவரை அணைத்து வையுங்கள். திருப்பிய பிறகு ஆர்எக்ஸை வெறும் டிஜிட்டல் உள்ளீடாகப் படித்துக்கொண்டிருங்கள். லைன் தொடர்ந்து ஒரு முழுப் பைட் நேரத்துக்கு மேல் ஹையிலேயே இருந்தால்தான் அது நிஜமான இடைவெளி. 9600 பாட்டில் ஒரு பைட் என்பது பத்து பிட், 1.04 மில்லி செகண்ட். நான் 2 மில்லி செகண்ட் பார்ப்பேன். நடுவில் லோ தட்டுப்பட்டால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடைவெளி கிடைத்ததும் ரிசீவரைத் திறந்தால் முதலில் விழும் ஓரம் உண்மையான ஸ்டார்ட் பிட். இதே யோசனையை, தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ள 1979-இல் வந்த மாட்பஸ் நெறிமுறையின் ஆர்டியு முறையிலும் பார்க்கலாம். அங்கே ஃபிரேம் எல்லையே மூன்றரை எழுத்து நேர மௌனம்தான்.

மேல் மட்டத்தில், கருவியின் சொந்த ஃபிரேம் (ஒரு முழுச் செய்தி) அடையாளத்தையும் செக்சம்மையும் (பைட்டுகள் சரியாக வந்தனவா என்று காட்டும் சோதனை எண்) நம்புங்கள். ஜிபிஎஸ் வாக்கியம் $-இல் தொடங்கும், நட்சத்திரக் குறிக்குப் பிறகு இரண்டு இலக்கச் செக்சம் இருக்கும்; இடையிலுள்ள எழுத்துகளை எக்ஸ்-ஆர் செய்தால் அது வர வேண்டும். பிஎம்எஸ் ஃபிரேம் 42 4டி என்று தொடங்கி கூட்டுத்தொகையில் முடியும். செக்சம் பொருந்தாத எதையும் தூக்கிப் போடத் தயங்கக் கூடாது. ஒரு கருவிக்குச் செக்சம் இல்லை என்றால் அதை மக்ஸில் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன்.

திருப்புவதற்கு முன்னால் நம் பக்கத்து டிஎக்ஸும் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அட்மெகாவில் அனுப்பும் பஃபர் காலி என்பதும், கடைசி பிட் வெளியே போய்விட்டது என்பதும் வேறு வேறு கொடிகள். முதல் கொடியைப் பார்த்துத் திருப்பினால் கடைசி பைட்டின் தலை ஒரு கருவிக்கும் வால் இன்னொரு கருவிக்கும் போகும்.

நேரக் கணக்குக்கு வருவோம். எம்எச்-இசட்19பி-க்குப் போகும் ஒன்பதும் வரும் ஒன்பதும் சேர்ந்து 19 மில்லி செகண்ட், நடுவில் அது யோசிக்கும் நேரம் தனி. பிஎம்எஸ் பதில் 33 மில்லி செகண்ட். ஜிபிஎஸ்தான் நேரத்தைத் தின்பது. வாக்கியங்கள் சேர்ந்து 400 பைட் என்றால் 417 மில்லி செகண்ட். ஒவ்வொரு விநாடியிலும் ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். அத்தனை வாக்கியமும் நமக்கு எதற்கு? வானத்தில் எந்தச் செயற்கைக்கோள் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்துப் பெட்டி ஒன்றும் செய்யப்போவதில்லை. இடமும் நேரமும் சொல்லும் ஆர்எம்சி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைக்க பெரும்பாலான மாட்யூல்களில் கட்டளை உண்டு. ஆர்எம்சி ஒன்று சுமார் 70 பைட், 73 மில்லி செகண்டில் முடிந்துவிடும். ஜிபிஎஸ் வாக்கியங்களுக்கான என்எம்இஏ 0183 தரத்தின்படி ஒரு வாக்கியம் 82 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மிஞ்சி மிஞ்சிப் போனாலும் 85 மில்லி செகண்ட். மீதி 900 மில்லி செகண்டில் மற்றவர்களைச் சாவகாசமாகக் கேட்கலாம். ஜிபிஎஸ்ஸின் பேச்சு விநாடிக்கு ஒருமுறை ஒழுங்காக வருவதால், ஒருமுறை பிடித்துவிட்டால் அடுத்தது எப்போது என்று கணித்து அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் அந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

கருவிக்குக் கருவி பாட் வேகம் வேறாக இருந்தால் மக்ஸோடு சேர்த்து யுஆர்ட் வேகத்தையும் மாற்றுங்கள், அவ்வளவுதான். ஆனால் 16 மெகாஹெர்ட்ஸ் அட்மெகா 115200-ஐச் சுத்தமாகத் தராது. இரட்டை வேக நிலையில் 2.1 சதவீதப் பிழை, இல்லாவிட்டால் மைனஸ் 3.5. அந்தப் பக்கத்துக் கருவியின் கடிகாரமும் கொஞ்சம் தப்பாக இருந்தால் சந்தேகம் மக்ஸ் மேல் விழும், பாவம்.

பவரை அணைக்கும் கதையை டயோடு இடத்தில் சொன்னேன். மக்ஸிலும் அதற்கு ஒரு தம்பி உண்டு. சென்சாருக்குச் சப்ளையை நிறுத்திவிட்டு, மக்ஸ் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால், ஹையில் நிற்கும் நம் டிஎக்ஸ் அந்தச் சென்சாரின் ஆர்எக்ஸ் பின் வழியாக அதற்குச் சோறு ஊட்ட ஆரம்பிக்கும். போர்டில் எல்இடி இருந்தால் மங்கலாக எரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அரைகுறை உயிரோடு இருக்கும் சிப், மறுபடி பவர் வரும்போது சரியாக ரீசெட் ஆகாது. அணைப்பதற்கு முன் மக்ஸை வேறு பக்கம் திருப்புவது, அந்தக் கருவியின் புல்-அப்பை அந்தக் கருவியின் சப்ளையிலிருந்தே எடுப்பது, இரண்டும் செய்தால் தொல்லை தீரும்.

ஆர்எஸ்-232 (பழைய கணினிகளின் சீரியல் போர்ட் தரம்) கருவிகளை இந்த மக்ஸ் பக்கமே கொண்டுவராதீர்கள். அங்கே சும்மா இருப்பதே மைனஸ் வோல்டேஜ். 15 வோல்ட் வரை போகலாம். மேக்ஸ்232 மாதிரி ஐசியால் முதலில் இறக்கிக்கொண்டு, பிறகு ஸ்விட்ச் செய்யுங்கள். ஒரு காலத்தில் இதே வேலையை ஏ, பி, சி, டி என்று எழுதிய திருகு ஸ்விட்ச் பெட்டி ஒன்று செய்தது. ஒரு கணினி, இரண்டு மூன்று பிரிண்டர். திருகுவதற்கு முன் அச்சு முடிந்ததா என்று மனிதன் எட்டிப் பார்த்துக்கொண்டான். மேலே நான் நீட்டி முழக்கிய இடைவெளி பார்க்கும் வேலை அதுதான்.

மக்ஸே வேண்டாம் என்ற வழிகளும் இருக்கின்றன, சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. இஎஸ்பி32-இல் யுஆர்ட் மூன்று. எந்தப் பின்னை எந்த யுஆர்ட்டுக்குக் கொடுப்பது என்பதை ஓடும்போதே மென்பொருளில் மாற்றலாம். அதாவது மக்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. திருப்பும்போது பைட் அறுபடும் பிரச்சினை அங்கேயும் அப்படியேதான். ஆர்பி2040-இல் யுஆர்ட் இரண்டு என்றாலும் எட்டு பிஐஓ ஸ்டேட் மெஷின்களை (பின்களைத் தனியாகக் கையாளும் குட்டிச் செயலிகளை) ஆளுக்கொரு சீரியல் உள்ளீடாக மாற்ற முடியும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எஸ்சி16ஐஎஸ்752 என்ற ஐசி, ஐ-ஸ்கொயர்-சி அல்லது எஸ்பிஐ வழியாக இரண்டு முழு யுஆர்ட் தரும், ஒவ்வொன்றுக்கும் 64 பைட் ஃபிஃபோவோடு (வந்ததை வரிசையாக வைத்திருக்கும் நினைவகம்). மக்ஸால் செய்யவே முடியாத ஒன்றை அது செய்கிறது: நாம் பார்க்காத நேரத்தில் வந்ததைப் பிடித்து வைத்திருக்கும். அட்டை ரீடரின் 14 பைட்டுக்கு அது தாராளம்.

அர்டுயினோவின் சாஃப்ட்வேர்சீரியல் நூலகத்தை இரண்டு மூன்று பின்னில் வைத்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள், அதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். லிசன் என்று சொல்லி மாற்றுவதும் ஒரு மக்ஸ்தான், மென்பொருள் மக்ஸ். போதாததற்கு ஒவ்வொரு பைட்டையும் வாங்கும்போது இன்டரப்ட்டுகளை (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்புகளை) நிறுத்தி வைக்கும். 9600-இல் அது ஒரு மில்லி செகண்ட் குருட்டுத்தனம்.

சரி, ஆர்டிஎம்6300-ஐ என்ன செய்தேன்? அதற்குத் தனி ஐசி வாங்கவில்லை. அதன் டிஎக்ஸ் மக்ஸின் ஒரு வழிக்கும் போகிறது, அதோடு கன்ட்ரோலரின் ஓர் இன்டரப்ட் பின்னுக்கும் போகிறது. யுஆர்ட் யாரோடும் பேசாத நேரங்களில் அந்த இன்டரப்ட் விழித்திருக்கும். அட்டை காட்டியதும் முதல் ஸ்டார்ட் பிட் விழுகிறது, இன்டரப்ட் தட்டுகிறது, உடனே தேர்வு பின்களை மாற்றி மக்ஸை அந்தப் பக்கம் திருப்புகிறேன். இதற்கு ஆவது சில மைக்ரோ செகண்ட். ஸ்டார்ட் பிட் 104 மைக்ரோ செகண்ட் நீளம். யுஆர்ட் பார்ப்பதோ பிட்டின் நடுவில். அதனால் யுஆர்ட்டுக்கு அந்த ஸ்டார்ட் பிட் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது போலத் தெரியும், அவ்வளவே. ஐந்து மைக்ரோ செகண்ட் தாமதம் என்றால் எல்லாப் பிட்டுக்கும் ஐந்து சதவீத நகர்வு. முதல் பைட்டிலிருந்தே சுத்தமாக விழுகிறது. லைன் அதுவரை புல்-அப்பில் ஹையாக இருந்திருக்க வேண்டும், மற்ற இன்டரப்ட்டுகள் நீளமாக இருக்கக் கூடாது என்பவை இதன் நிபந்தனைகள். மக்ஸ் வேறு கருவி மேல் நின்றுகொண்டிருந்து அது அந்த நொடியில் பேசத் தொடங்கினால் இது குழம்பும். ஆகவே வேலையில்லாத நேரத்தில் எனேபிள் பின்னை ஹையாக்கி எல்லா வழியையும் மூடியே வைக்கிறேன். அட்டைக்கு மட்டும் திறக்கிறேன்.

115200-இல் இந்த வித்தை பலிக்காது. இன்டரப்ட்டுக்குள் நுழைந்து பின்னை மாற்றுவதற்குள் பிட்டில் பாதி போய்விடும். ஜிபிஎஸ்ஸையோ தூசு சென்சாரையோ கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நூறு சொச்சம் மில்லி செகண்டில் அட்டை காட்டப்பட்டால் அதுவும் தவறிப்போகும். அந்த நேரத்தில் இன்டரப்ட்டை முழுக்க அணைக்காமல் ஒரு கொடியை மட்டும் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். கொடி ஏறியிருந்தால் வாசிப்பு முடிந்ததும் ஒரு சிவப்பு எல்இடி எரியும்: மறுபடி காட்டுங்கள் என்று அர்த்தம்.